மூன்றாவது சீசா

குற்றாலத்தில் ஓயாமல் சத்தம் போட்டவை இரண்டே இரண்டு. ஒன்று அருவி, இன்னொன்று எண்ணெய் அண்ணாச்சி. அருவியாவது கோடையில் வாயை மூடும்.

குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது அவர் தொழில். பக்கத்திலேயே மங்குஸ்தான் விற்றவள் நான். அவருக்குக் கூடைப்பந்து என்றால் பித்து. அதிலும் கூடையில் போடுகிறவனை மதிக்கவே மாட்டார். "போடுதவன் கெடக்காம்லே. அவன் கையில பந்தக் கொண்டு சேக்கான் பாரு, அவன்தான் ஆட்டக்காரன்!" என்பார். அந்த ஆளை இப்போது டிவியில் பாயிண்ட் கார்டு என்கிறார்கள்.

பாறைமேல் ஒன்பது எண்ணெய்ச் சீசாக்கள், லேபிள் அருவியைப் பார்க்க வரிசையாக நிற்கும். ஒவ்வொரு சீசாவும் சுற்றுவட்டார அணிகளில் பந்து கொண்டுசேர்க்கிற ஒரு ஆட்டக்காரன். முன்னால் நிற்பது முதலிடம். எழுத்தைக் கூட்டித்தான் வாசிப்பேன் நான். ஆனால் அந்தப் பட்டியலைத் தப்பாக வாசித்ததே இல்லை.

மறுத்துப் பேசுகிறவன் அவர் கைக்குக் கீழேதானே குப்புறக் கிடப்பான்? ஒரு நாள் ஒரு போலீஸ்காரர், "செங்கோட்டைக்காரன்தான் ஒசத்தி" என்றார். அண்ணாச்சி முழங்கையை அவர் முதுகில் ஊன்றினார்.

"யாரு ஒசத்தி?"

"ஐயோ... நீரு சொல்லுதவன்தாம்வே!"

"ம். திரும்பிப் படும்."

எங்கள் வீட்டுக்காரரும் தென்காசி அணியில் பந்து கொண்டுபோகிறவர்தான். அவர் சீசா மூன்றாவது. கல்யாணமாகி ஆறே மாதம். எனக்குப் பொறுக்குமா?

"ஏன் அண்ணாச்சி, அவுகளுக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

"கை தங்கம், தாயி. கண்ணுதான் களவாணி. ஒவ்வொரு பந்தையும் கொடுத்துட்டு, நீ பாத்தியான்னு நீ நிக்க வேலிப் பக்கம் திரும்புதான். அதுக்குள்ள எதிராளி ஓடிப்போயிருதான். நீ ஒரே ஒரு ஆட்டத்துக்கு வராம இரு, முதல்ல வச்சிருதேன்."

அடுத்து வந்தது சுரண்டைக்காரர்களோடு ஆட்டம். தலைவலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துகொண்டேன். என் புருஷன்தான் முதலாவது என்று சொல்லிக்கொள்ள ஒரு சாயங்காலத்தை விட்டால் என்ன?

பாதி ஆட்டத்தில் வாசலில் ஒரே இரைப்பு. அண்ணாச்சி. மைதானத்திலிருந்து ஓடியே வந்திருக்கிறார்.

"தாயி, எந்திச்சு வா! வேலியவே தேடிக்கிட்டு நிக்கான். ரெண்டு தடவ பந்தை நடுவர் கையில கொடுத்துட்டான்!"

"அப்பம் முதலிடம், அண்ணாச்சி?"

"முதலிடமா? இப்பம் ஒன்பதுல நிக்கான்! மூணையாவது காப்பாத்துவோம், வா!"

போனேன். வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். அதற்கப்புறம் பந்து எங்கே போகிறது என்று சுரண்டைக்காரர்கள் ஒருவருக்கும் தெரியவில்லை.

மறுநாள் பழத்தட்டை இறக்குமுன் பாறையைத்தான் பார்த்தேன். சீசா பழையபடி மூன்றில் நின்றது. அண்ணாச்சி யார் முதுகிலோ மும்முரமாக இருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் எட்டு லேபிளும் அருவியைப் பார்த்திருக்க, மூன்றாவது மட்டும் என் தட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

அண்ணாச்சி இருந்த வரைக்கும் ஒவ்வொரு சீசனிலும் அது அப்படியேதான் நின்றது.