பன்னிரண்டுக்குப் பதினொன்று

"நான் ஒண்ணும் பொய் சொல்லலை, ஒரு மரியாதைக்கு—"

"மரியாதைக்கு வணக்கம் சொல்லலாம். 'ரக்பின்னா எனக்கு உயிரு'ன்னு யாராவது சொல்வாங்களா?"

"அவர் வீட்டு ஷோகேஸ்ல பந்து இருந்துச்சு, அதைப் பார்த்து—"

"அதைப் பார்த்து 'ஏன் நசுங்கிப்போச்சு'ன்னு கேக்க வாயெடுத்தீங்க. நான்தான் காலை மிதிச்சேன்."

"மிதிச்சதுலதான் வாய் தவறிடுச்சு."

மனைவியிடம் இப்படி வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தவர் ஓர் அச்சகத்தில் முப்பது வருஷமாகப் புரூஃப் பார்ப்பவர். அடுத்தவர் பிழையைத் திருத்தியே பிழைத்தவர். சொந்தமாக முதல் பிழை செய்தது போன ஞாயிற்றுக்கிழமை, மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில்.

பெண்ணின் அப்பா பல் டாக்டர். "எங்களுக்கு அடக்கமான பொண்ணுதாங்க வேணும், ஓட்டம் ஆட்டமெல்லாம் ஆகாது" என்று இவர் மனைவி சொல்லி முடித்த கையோடு, எல்லார் கண்ணும் ஷோகேஸில் இருந்த அந்த நீள்வட்டப் பந்தின் மேல் விழுந்தது. "அது... அது என்னோடது. எனக்கு ரக்பி பைத்தியம்" என்றார் டாக்டர். "எனக்கும்தான். ரக்பின்னா எனக்கு உயிரு" என்றார் இவர். டாக்டர் முகம் ஒரு மாதிரி ஆனது. சந்தோஷம் என்று இவர் எடுத்துக்கொண்டார்.

விளைவு: "சனிக்கிழமை உலகக் கோப்பை ஃபைனல். வாங்க, சேர்ந்து பார்ப்போம். மாட்ச் முடிஞ்ச கையோட கல்யாணத் தேதியையும் குறிச்சுடலாம்."

மகனுக்கு முப்பத்து நாலு வயது. இந்தப் பெண் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டான். சொன்னால் சொன்னதுதான், அம்மா பிள்ளை.

அதனால் புரூஃப்காரர் படித்தார். அச்சகத்துக்குத் திருத்த வந்திருந்த விளையாட்டுக் களஞ்சியத்தின் ரக்பி பக்கங்களை வீட்டுக்கே கொண்டு வந்தார்.

"கேளு. உலகக் கோப்பை ஆரம்பிச்சது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு. நாலு வருஷத்துக்கு ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் முதல் மாட்சுக்கு ஒரே பழைய விசிலைத்தான் ஊதுறாங்க."

"எச்சில் விசிலா?"

"வரலாறும்மா. கல்கத்தா கோப்பைன்னு ஒண்ணு. ஆடுறதுக்கு ஆள் குறைஞ்சு கிளப்பை மூடினவங்க, மிச்சமிருந்த வெள்ளி ரூபாயை உருக்கிச் செஞ்சது. பந்தை முன்னால வீசக்கூடாது, பின்னாலதான் வீசணும். ஆனா ஆள் முன்னால போகணும்."

"உங்க தம்பி குடும்பம் நடத்துற மாதிரி."

சனிக்கிழமை வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஓர் எண்ணம். ஐரோப்பாவில் ஆறு நாடுகள் ஆடும் போட்டியில் மரக்கரண்டி உண்டு என்று படித்த ஞாபகம். உடனே பெரிய மரக்கரண்டி ஒன்று வாங்கி, ரிப்பன் கட்டினார். டாக்டர் வீட்டு லிஃப்டில்தான் மனைவி அந்தப் பக்கத்தை முழுசாகப் படித்தாள்.

"ஏங்க, மரக்கரண்டி கடைசியா வர்ற அணிக்குன்னு போட்டிருக்கே."

"எங்க?"

"அடுத்த வரியில. ஆமா, இன்னிக்கு யாருக்கும் யாருக்கும் மாட்ச்?"

புரூஃப்காரர் லிஃப்டின் எண்களைப் பார்த்தார். நாலு. ஐந்து. களஞ்சியம் போன உலகக் கோப்பையோடு முடிந்திருந்தது.

"ஏங்க?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். "ரக்பிக்காரங்க கண்ணாடி போட மாட்டாங்க" என்றார்.

கதவைத் திறந்தது பெண். புருவத்துக்கு மேல் பிளாஸ்திரி. "படியில தடுக்கி விழுந்துட்டா" என்றாள் டாக்டரின் மனைவி. "ரொம்ப சாது. உக்காந்தா உக்காந்த இடம்."

"லிஃப்ட் இருக்கிற கட்டடத்துல இவ எந்தப் படியில விழுந்தா?" என்று மனைவி இவர் காதோடு கேட்டாள். "பேசாம இரு" என்றார் இவர்.

டாக்டர் கரண்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "சம்பந்தி, இதைத்தான் நான் ரொம்ப நாளா தேடிட்டிருந்தேன்." ஷோகேஸிலிருந்து பந்தை எடுத்து இவர் மடியில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் கரண்டியை நிறுத்தினார். பெண்ணுக்கு இருமல் வந்தது. உள்ளே போய்விட்டாள்.

டி.வி.யில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் கறுப்பு. மூலையில் ஏதோ சின்ன எழுத்து. கண்ணாடி இல்லாமல் இவருக்கு எறும்பு ஊர்வதாகத்தான் தெரிந்தது.

"அடடா, ஆரம்பிச்சுட்டாங்க. நீங்க யார் பக்கம் சம்பந்தி?" என்றார் டாக்டர்.

"நல்லா ஆடுறவங்க பக்கம். நீங்க?"

"நானும் அதே பக்கம்தான்."

இருவரும் நிம்மதியாகச் சாய்ந்தார்கள்.

"போன ஃபைனல் ஞாபகம் இருக்கா? பன்னிரண்டுக்குப் பதினொண்ணு. ஒரே பாயிண்ட்ல போச்சு" என்று இவர் எடுத்துவிட்டார்.

"மறக்க முடியுமா? நான் அன்னிக்குச் சாப்பிடவே இல்லை."

திரையில் கறுப்புச் சட்டைக்காரர் ஒருவரை நடுவர் வெளியே அனுப்பினார்.

"ஏன் போறாரு?" என்றாள் புரூஃப்காரர் மனைவி.

இவர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் இவரைப் பார்த்தார்.

"பல்லு" என்றார் டாக்டர் கடைசியில். "நடை சொல்லுதே. கடைவாய்ப் பல்."

"கடைவாய்தான்" என்றார் இவர்.

பிறகு பதினைந்து பேர் பதினாலு பேரோடு தலையை முட்டிக்கொண்டார்கள், குவியலாக விழுந்தார்கள், எழுந்தார்கள். டாக்டர் கைதட்டும்போது இவர் தட்டினார். இவர் 'ச்சே' என்றால் டாக்டரும் 'ச்சே' என்றார். சில சமயம் இருவரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்ததில் யாருமே தட்டாமல் போனது. மடியிலிருந்த பந்தை எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் இவர், பச்சைக் குழந்தையை ஏந்துவதுபோல் ஏந்தி, நடுவில் ஒரு தரம் தட்டியும் கொடுத்தார்.

கடைசி விசில் ஒலித்தது. பச்சை பன்னிரண்டு, கறுப்பு பதினொன்று.

"சம்பந்தி, அதே பன்னிரண்டு, அதே பதினொண்ணு" என்று டாக்டர் எழுந்தே நின்றுவிட்டார்.

"வரலாறு திரும்பும். நான்தான் அப்பவே சொன்னேனே."

"சொன்னீங்க. உங்களை மாதிரி விஷயம் தெரிஞ்சவர் வீட்டுக்கு என் பொண்ணு வர்றா பாருங்க, அது போதும் எனக்கு." நோயாளிகளின் நேரம் குறிக்கும் டைரியைப் பிரித்து, பேனா மூடியைக் கழற்றினார். "தேதியைச் சொல்லுங்க."

புரூஃப்காரர் வாய் திறப்பதற்குள், கிண்ணம் நிறையப் பாப்கார்னோடு பெண் வந்து, இரண்டு பேருக்கும் நடுவில் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, கொஞ்சம் நகருங்க, போன தடவை மாட்சை மறுபடி போட்டு முடிச்சிட்டாங்க, இன்னிக்கு ஃபைனல் இப்பதான் ஆரம்பிக்குது. மாமா, அந்தப் பந்தை இப்படிக் கொடுங்க, புருவம் கிழிஞ்சதுல நாலு நாளா ஆடாம விட்டுப்போச்சு, நாளைக்குக் காலையில எனக்குப் பிராக்டிஸ் இருக்கு."