விழிப்புணர்வு வேந்தர் வெள்ளைத்துரை

வெள்ளைத்துரை அண்ணாச்சிக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். கழற்றினால் அவருக்குக் கண் தெரியாது. தன் வாழ்க்கையின் பெரிய முடிவுகள் எல்லாவற்றையும் அவர் அந்த நிலையில்தான் எடுத்திருக்கிறார்.

அன்றைக்கும் அப்படித்தான். தி.நகரில், பனகல் பார்க் பக்கத்துச் சந்தில் அவருடைய சேலைக்கடை. ஷட்டரைத் தூக்கின கையோடு கண்ணாடி கழன்றது. காரணம், எதிர்வரிசைப் பாத்திரக்கடைக்காரர். அந்த மனுஷன் ஏதோ ஒரு மெயிலை நம்பி, அதில் இருந்த லிங்கை அமுக்கி, பாஸ்வேர்டை அடித்து, கடையின் மெயில் கணக்கையே எவனிடமோ பறிகொடுத்திருந்தார்.

“எம்.காம். படிச்சவன்! லிங்கைக் கண்டா அமுக்கிருவானா? அவன் ஏமாத்துனதைக்கூட மன்னிச்சிரலாம். இவன் ஏமாந்தான் பாரு, அதுதான் எனக்குப் பொறுக்கல!” என்று குதித்தார் அண்ணாச்சி.

ஏமாந்தவர் எதிர்க்கடையில் இருந்தார். தண்டனை கிடைத்தது தங்கபுஷ்பத்துக்கு. கட்டின பெண்டாட்டி என்றால் சும்மாவா?

கடையின் ஆன்லைன் வியாபாரம் மொத்தமும் தங்கபுஷ்பம் உண்டாக்கினது. மலேசியாவில் இருந்தும் சிங்கப்பூரில் இருந்தும் “அக்கா, மாம்பழக் கலர்ல அரக்கு பார்டர் இருக்கா?” என்று மெயில் வரும். அவள் சேலையை வெயிலில் பிரித்துப் படம் எடுத்து, பதில் போட்டு, பார்சலும் கட்டுவாள். பல வருஷமாகப் பேசிப் பேசிச் சேர்த்த வாடிக்கை அது.

“ஏ புஷ்பம், கடை மெயிலை இனி நீ தொடக்கூடாது. பாஸ்வேர்டை மாத்திட்டேன்.”

“என்னது?”

“புதுசு என் மண்டைக்குள்ள மட்டும்தான் இருக்கு.”

“அதுக்குள்ள இடம் இருந்துச்சா?”

“நக்கலா? நாளைக்கே எவனாவது ‘பட்டுச்சேலை பாதி விலை’ன்னு மெயில் போட்டா, ஓடிப்போய் அமுக்குவ.”

“நானே சேலை விக்கிறவ. எனக்கு எவன் பாதி விலைக்குச் சேலை தரப்போறான்?”

நல்ல கேள்வி. நல்ல கேள்விக்கெல்லாம் பதில் சொல்லும் வழக்கம் அண்ணாச்சிக்குக் கிடையாது. நேரே உபதேசத்துக்குப் போய்விட்டார்.

“கேட்டுக்கோ. அவசரப்படுத்துனா அவன் திருடன். அனுப்புனவன் மெயில் முகவரி கோணல்மாணலா இருந்தா திருடன். பாஸ்வேர்டு கேட்டா, சத்தியமா திருடன்!”

“இப்ப நான்கூடக் கேக்கேன். அப்ப நானும் திருடியா?”

“வாயைப் பாரு, வாயை!”

அன்றிலிருந்து மெயிலுக்கு முன்னால் அண்ணாச்சியே உட்கார்ந்தார். வாடிக்கையாளர்களை அவர் விசாரித்த விசாரணை இருக்கிறதே, போலீஸ்காரன்கூட அப்படி விசாரிக்கமாட்டான். சிங்கப்பூர் அம்மாளிடம் “தங்கள் தகப்பனார் பெயர் என்ன, எந்த ஊர், எங்கள் கடை உமக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார். அந்த அம்மாள் பதிலே போடவில்லை. “பாத்தியா, பிடிபட்டதும் ஓடிட்டா!” என்று தொடையைத் தட்டிக்கொண்டார்.

அடுத்தது மலேசியாவில், ஈப்போவில் இருந்து ஒரு கல்யாணப் பெண்.

“டெலீட் பண்ணிட்டேன்” என்றார் அண்ணாச்சி.

“எதை?”

“‘அவசரம் அக்கா, முகூர்த்தச் சேலையை உடனே அனுப்புங்க’ன்னு எழுதியிருக்கா. அவசரப்படுத்துனா யாரு? திருடி!”

“அட பாவி மனுஷா! வாற வெள்ளிக்கிழமை அவளுக்குக் கல்யாணம்! அவசரப்படாம, பிள்ளை பெத்த பெறவா சேலை கேப்பா?”

தங்கபுஷ்பத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பெண்ணின் அக்கா கல்யாணத்துக்கும் இந்தக் கடைச் சேலைதான். பெண்ணின் விலாசம், போன் நம்பர் எல்லாம் கடை மெயிலில், பழைய கடிதங்களுக்குள்தான் கிடக்கிறது. “பாஸ்வேர்டைக் குடுங்க, ஒரு பதில் மட்டும் போட்டுட்டுத் தாரேன்” என்று கெஞ்சினாள். அண்ணாச்சி அசையவில்லை. அவள் போனை எடுத்துக்கொண்டு ஸ்டாக் ரூமுக்குள் போய், பெருங்குடியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் லாவண்யாவிடம் வெகு நேரம் கிசுகிசுத்தாள். என்னைப் பற்றிக் குறை சொல்கிறாள், சொல்லிவிட்டுப் போகட்டும் என்று அண்ணாச்சி பெரிய மனசோடு விட்டுவிட்டார்.

மறுநாள் ஒரு மெயில் வந்தது.

“வணிகப் பெருந்தகையீர்! இணையத் திருடர்களிடம் ஏமாறாத ஒரே வணிகர் என்று தங்களைத் தென்சென்னை வணிகச் சான்றோர் பேரவை கண்டறிந்துள்ளது. தங்களுக்கு ‘விழிப்புணர்வு வேந்தர்’, ‘இணையக் காவல் இமயம்’, ‘பாஸ்வேர்டு பாதுகாப்புப் பேரரசு’ ஆகிய மூன்று பட்டங்களும் பொன்னாடையும் ஆளுயர மாலையும் வழங்கப்படும். பேனரில் தங்கள் படம் இடம்பெற, ஒரு மணி நேரத்துக்குள் கீழே அமுக்கி, தங்கள் மெயில் பாஸ்வேர்டைப் பதியவும்.”

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றவில்லை. துடைத்துப் போட்டுக்கொண்டு, நாலு தடவை படித்தார். வாழ்க்கையில் எத்தனை பேர் பொன்னாடைக்கு இவர் கடையில் துணி கிழித்திருப்பார்! அவர் தோளில் ஒருத்தனாவது ஒரு துண்டு போட்டிருப்பானா? இதைவிட அநியாயம் இந்தத் தி.நகரில் வேறு உண்டா?

பக்கத்துக் கடை அப்துல் சமத் எட்டிப் பார்த்தார். சேலைக்கு ஃபால்ஸ், லைனிங் துணி விற்கிறவர்.

“இன்னா அண்ணாச்சி, ஒரே குஷியா கீறீங்க?”

“விருது பாய், விருது! மூணு பட்டம்!”

சமத் படித்துப் பார்த்தார். “இன்னாது இது, ஒரு மணி நேரத்துல அமுக்கணுமாமே?”

“பேனர் அடிக்க நேரம் வேண்டாமா?”

“அனுப்புனவன் மெயில் ஐடி இன்னா இப்டி கீது? பாதி எழுத்து, பாதி நம்பரு?”

“பெரிய பேரவை. ஆயிரம் கிளை இருக்கும்.”

“அத்த வுடுங்க. விருது குடுக்கறவனுக்கு இன்னாத்துக்கு பாஸ்வேர்டு?”

“பாஸ்வேர்டு பாதுகாப்புக்குத்தானேய்யா விருது? பாதுகாப்பா வச்சிருக்கேனான்னு பாத்தாத்தானே குடுப்பான்! பாய், பக்கத்துக் கடைக்காரன் முன்னேறுனா வயிறு எரியத்தான் செய்யும். மோர் குடிங்க.”

சமத் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். அண்ணாச்சி அமுக்கினார். பொன்னாடை என்ன நிறம் என்று கேட்டது. பச்சை என்றார். பாஸ்வேர்டு கேட்டது. அடித்தார். போனுக்கு ஓ.டி.பி. வரும், அதையும் போடவும் என்றது. பெற்ற தாய் கேட்டாலும் சொல்லக்கூடாது என்பார்களே, அதையும் போட்டார். ‘வேந்தரே, நன்றி’ என்று வந்தது.

காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் மெயில் திறக்கவில்லை. இன்னொரு தடவை அடித்தார். ‘தவறான பாஸ்வேர்டு’ என்றது. எழுத்து எழுத்தாக, விரலை நட்டு நட்டு அடித்தார். ம்ஹூம்.

“ஐயோ! கொள்ளை! பட்டப்பகல்ல கொள்ளை!” என்று அலறினார். சமத் ஓடிவந்தார். தெருவே ஓடிவந்தது. தங்கபுஷ்பம் மட்டும் ஒரு மாம்பழக் கலர் பட்டுச்சேலையைப் பார்சல் கட்டிக்கொண்டிருந்தாள். மேலே ஈப்போ விலாசம்.

“சத்தம் போடாதிய. கொள்ளையும் இல்ல, கிள்ளையும் இல்ல. நாந்தான் மாத்துனேன்.”

“நீயா? பழைய பாஸ்வேர்டு உனக்கு எப்படித் தெரியும்?”

“வெள்ளைச்சிங்கம் நூத்தி எட்டு. நீங்கதான அடிச்சு அனுப்புனிய?”

சமத் வாயைப் பொத்திக்கொண்டு தன் கடைக்குள் ஓடினார். அங்கிருந்து வந்த சிரிப்புச் சத்தம் உஸ்மான் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும்.

“கட்டுன புருஷனுக்கே கள்ள மெயிலா? வெளங்குமா இந்தக் குடும்பம்? நீயும் உன் மகளும் சேர்ந்து... என்ன அக்கிரமம்! கேக்க ஆளில்லையா?” அண்ணாச்சி கால் மணி நேரம் கத்தினார். கேட்க ஆள் இல்லை. தங்கபுஷ்பம் சிங்கப்பூர் அம்மாளுக்கு மன்னிப்புக் கேட்டு மெயில் அடித்துக்கொண்டிருந்தாள்.

கத்திக் களைத்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு மெதுவான குரலில் கேட்டார்.

“அந்த மூணு பட்டமும்... லாவண்யா எழுதுனதா?”

“அவ ஒண்ணுதான் எழுதுனா. ‘இதுவே ஜாஸ்திம்மா, அப்பா நம்பமாட்டாங்க’ன்னா. நாந்தான், ‘ஒண்ணுன்னா உங்கப்பா கொஞ்சமாவது யோசிப்பாவ, மூணாப் போட்டுரு’ன்னேன்.”