ஒரு மணி நேரமும் நான்கு விநாடியும்

என்றும் என் மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நான், தங்கள் தங்கை, தாங்கள் என் பொறுப்பில் விட்டுப்போன பழைய பஸ் ஆகிய மூவரும் நலம். அங்கே தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாகவும், தங்கள் கழுத்து வலி மட்டும் நலமில்லாமலும் இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

பஸ்ஸின் நலத்தைத் தனியாக எழுதியிருப்பதைப் பார்த்ததும் தாங்கள் நாற்காலியை விட்டு எழுந்திருப்பீர்கள். உட்காருங்கள் மச்சான். ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. மலை போல வந்தது பனி போல விலகிவிட்டது, அந்த நிம்மதியில்தான் மூன்று மாதமாகத் தங்களிடம் மறைத்ததையெல்லாம் கொட்டிவிட உட்கார்ந்திருக்கிறேன்.

என் மகள் விஷயம் தங்களுக்குத் தெரியாததல்ல, தாய்மாமன் என்ற முறையில் அவளுக்கு முதல் பொம்மை லாரி வாங்கிக்கொடுத்த குற்றவாளியே தாங்கள்தான். ஆறு வருடத்துக்கு முன் இயந்திரப் படிப்புக்காகக் கடல் கடந்து போனவள், இரண்டாவது வருடமே டீசல் லாரியில் ரேஸ் ஓட்டும் குழு ஒன்றில் சேர்ந்துவிட்டதாக ஆசை ஆசையாகப் போனில் சொன்னாள். முப்பத்தோரு வருடம் டவுன் பஸ் ஓட்டி, நாற்பதுக்கு மேல் முள் ஏறிப் பார்த்தறியாத நான், “ரேஸ்தான் ஓட்டுவேன்னா இந்த வீட்டுப் பக்கமே வராதே” என்று கத்திவிட்டேன். அப்பன் கோபத்தில் சொன்னதை மற்றப் பிள்ளைகளென்றால் ஒரு வாரத்தில் மறந்துவிடும், இவள் என் பிள்ளையல்லவா, நான்கு வருடமாக வரவில்லை. ஞாயிறுதோறும் போன் வரும். நான் எடுத்தால் இரண்டே வார்த்தை, “அம்மா இருக்காங்களா?” நானும் “இருக்கா” என்று ஒரே வார்த்தையில் போனைத் தங்கள் தங்கையிடம் நீட்டிவிடுவேன். வார்த்தைக் கணக்கில்கூட நான் விட்டுக்கொடுத்ததில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டு, அடுத்த அறையில் போய் அவள் குரல் கேட்கிறதா என்று சுவரில் காதை வைத்துக்கொண்டு நிற்பேன். வா என்று கூப்பிட வாய் வரவில்லை. வந்துவிடமாட்டாளா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

இந்த நேரத்தில்தான் லாரி ஷெட் மெக்கானிக் வந்து சேர்ந்தார். அவர் பழுதுபார்த்த வண்டிகள் எல்லாம் ஒரே மாதிரி கக்குவதால் ஊரே அவரைப் ‘புகை’ என்றுதான் கூப்பிடும். ஷெட் ஆட்கள் வருடா வருடம் நடத்தும் டீசல் ரேஸுக்கு இந்த முறை ஒரு வெளிநாட்டுக் குழுவை அழைக்க ஆசைப்பட்டுக் கடிதம் போட்டிருக்கிறார்கள். லாரியைக் கப்பலில் கொண்டுவரும் செலவையும் ஐந்து பேருடைய விமான டிக்கெட்டையும் ஏற்றுக்கொண்டால் வருகிறோம் என்று பதில் வந்திருக்கிறது. அந்தப் பதிலை என் மூக்குக்கு நேரே நீட்டி, “கீழ கையெழுத்து யாருதுன்னு தெரியுதா சார்?” என்றார். மூன்றாம் வகுப்பிலிருந்து நான் மதிப்பெண் அட்டையில் பார்த்த அதே கிறுக்கல். “தெரியலையே” என்றேன். “சரி, தெரியலைன்னா தலைவரா இருங்க” என்று சொல்லி நிதிக் குழுவுக்கு என்னைத் தலைவராக்கிவிட்டுப் போய்விட்டார். எனக்கும் அது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரிதான் இருந்தது. போட்டிக்காரியாக அவள் வந்தால் அவளும் இறங்கி வந்ததாக ஆகாது, நானும் இறங்கி வந்ததாக ஆகாது, ஆனால் ஆள் வந்துவிடுவாள்.

பணம் சேர்ப்பது எவ்வளவு சுலபம் என்று முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது. டீசல் ரேஸ் என்றால் என்னவென்று ஜனங்களுக்குக் காட்டினால்தான் கை பைக்குப் போகும் என்று புகை ஒரு மைதானத்தில் கூட்டம் கூட்டி, லாரியை நிறுத்தி, ஆக்ஸிலேட்டரை மிதித்தார் பாருங்கள், பட்டப்பகல் இருட்டிவிட்டது. கரும்புகை விலகியபோது மைதானத்துக்குப் பின்னால் சலவைக் கடை அம்மா ஓட்டலுக்காகத் துவைத்துக் காயப்போட்டிருந்த நாற்பத்திரண்டு வெள்ளை விரிப்புகள் எருமை நிறத்தில் ஆடிக்கொண்டிருந்தன. அன்று உண்டியலில் விழுந்ததெல்லாம் அந்த அம்மாவுக்கே போய்ச் சேர்ந்தது. அதோடு விட்டாரா? நடுத்தெருவில் நின்று, “இனிமே நீங்க என்ன கூத்து வேணா அடிங்க, எவனாவது ஆக்ஸிலேட்டர்ல கால் வெச்சா நான் மனுஷியா இருக்கமாட்டேன்” என்றார். ஆக்ஸிலேட்டர் இல்லாமல் டீசல் ரேஸுக்கு எப்படிப் பணம் சேர்ப்பது?

அப்போதுதான் மச்சான், என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கூட்டத்தில் என் அறிவு பயன்பட்டது. பெட்ரோல் வண்டி போல அல்ல டீசல் பஸ், முதல் கியரில் போட்டுக் காலை எடுத்துவிட்டால் அதுபாட்டுக்கு ஊர்ந்துகொண்டே இருக்கும். பஸ் நிலையத்தில் முப்பத்தோரு வருடம் நான் செய்தது பெரும்பாலும் அதுதான். “மெதுவாப் போற ரேஸ் வைப்போம். முதல் கியர். ஆக்ஸிலேட்டர் கூடாது, பிரேக் கூடாது, கிளட்ச் கூடாது. நின்னா அவுட்டு. கடைசியா வர்றவன் ஜெயிச்சான்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அதிகம் சிரித்தவர் டயர் கடை முதலாளி. ஷெட்டிலிருந்து கிடங்கு வாசல் வரை இரண்டு கிலோமீட்டர். “இதெல்லாம் அரை மணி நேரக் கூத்து. எவனாவது ஒரு மணி நேரத்துக்கு மேல இழுத்துக் காட்டட்டும், நிதியில எவ்வளவு குறையுதோ அவ்வளவும் நான் போடறேன்” என்றார். எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். நேரம் பார்ப்பது யார் என்று கேட்டபோது ஒரே குரலில் சலவைக் கடை அம்மா என்றார்கள், அவரை ஏமாற்ற அங்கே யாருக்கும் துணிச்சல் இல்லை.

எனக்கு வண்டி? இங்கேதான் தாங்கள் கொஞ்சம் பொறுமையாக இருக்கவேண்டும். தங்கள் பஸ் விற்பனைக்காகச் சும்மாதானே நின்றது? சும்மா நின்றால் துருப்பிடிக்கும் என்று தாங்களே சொல்லியிருக்கிறீர்கள். ஆகவே துருவைத் தவிர்த்தேன்.

ரேஸ் அன்று ஏழு வண்டிகள் வரிசையில் நின்றன. அதில் ஐந்து மெக்கானிக்குகளுடையவை. மெக்கானிக் கையைச் சும்மா வைத்துக்கொண்டு இருப்பானா? கால் வைக்காதபோது என்ஜின் எவ்வளவு மெதுவாக ஓடவேண்டும் என்பதற்கு ஒரு திருகு இருக்கிறதல்லவா, முதல் நாளே ஒவ்வொருவரும் அடுத்தவனுக்குத் தெரியாமல் அந்தத் திருகைக் குறைத்து, அடுத்தவன் குறைத்திருப்பான் என்று சந்தேகப்பட்டு இன்னும் குறைத்து, கொடி அசைந்ததும் ஐந்து வண்டியும் குளிர்ஜுரம் கண்டதுபோல் ஒரு உதறு உதறி அப்படியே அணைந்துவிட்டன. அணைந்ததில் புகையின் வண்டிதான் முதல். கண் மூடித் திறப்பதற்குள் மிச்சம் இருந்தது நானும் தண்ணீர் லாரி டிரைவரும் மட்டும்தான். அவர் நல்ல மனிதர், பாரம் ஏறினால் லாரி மூச்சு வாங்கி மெதுவாகப் போகும் என்று தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்து வந்திருந்தார். நான் பாரத்துக்கு ஆட்களை ஏற்றினேன். என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற கண்டக்டரையும் துணைக்கு அழைத்திருந்தேன், அது எவ்வளவு பெரிய யோசனை என்று அப்போது எனக்கே தெரியாது. பஸ் நகர்ந்ததும் பழக்க தோஷத்தில் அவர் எழுந்து, “டிக்கெட், டிக்கெட்” என்று ஆரம்பித்துவிட்டார். ஏறினவர்களெல்லாம் நிதிக்குக் காசு கொடுத்தார்கள்! ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்கி, டீ குடித்து, நடந்து வந்து, மறுபடி ஏறினால் மறுபடி டிக்கெட். ஒருவர் இறங்கி வீட்டுக்குப் போய்க் குளித்து, சட்டை மாற்றி வந்து தன் பழைய சீட்டுக்குச் சண்டை போட்டார். பின்படியில் தொங்கிக்கொண்டு இரண்டு பேர் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

பாதி வழியில் தண்ணீர் லாரியின் குழாய் ஒழுக ஆரம்பித்தது. ஒழுக ஒழுகப் பாரம் குறைந்து, லாரிக்கு இளைப்பு நீங்கி உற்சாகம் வந்துவிட்டது. பாவம், அவர் கத்தக் கத்த அது என்னைத் தாண்டி முன்னே போய்த் தோற்றது. அப்புறம் நான், கிடங்கு வாசல், சலவைக் கடை அம்மாவின் கடிகாரம், இவ்வளவுதான். கடைசி வளைவில் ஒரு முட்டை வண்டிக்காரர் தட்டுத் தட்டாக முட்டையை அடுக்கித் தள்ளிக்கொண்டு குறுக்கே வந்துவிட்டார். பிரேக் போட முடியாது. போடாவிட்டால் ஊருக்கே ஆம்லெட். ஆனால் பாருங்கள் மச்சான், தங்கள் பஸ்ஸே எனக்காக ஒரு கணம் தயங்கியது போல இருந்தது! அதற்குள் அவர் வண்டியை இழுத்துக்கொண்டார். என் காலைக் கண்காணிக்கப் பக்கத்தில் உட்காரவைத்திருந்த நடுவர் அந்நேரம் டீ குடிக்க இறங்கியிருந்தார், அது வேறு விஷயம். வாசலைத் தொட்டபோது அந்த அம்மா கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்துக் கத்தினார்: ஒரு மணி நேரமும் நான்கு விநாடியும்!

டயர் கடை முதலாளி முகம் போன போக்கைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆனாலும் சொன்ன சொல் தவறமாட்டார், வருகிற புதன்கிழமை பணம் தருவதாகக் கையடித்துக் கொடுத்துவிட்டார். அன்று இரவு நான்கு வருடத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன் மச்சான்.

ஒரே ஒரு வேண்டுகோள். இதில் என் கை இருப்பது அவளுக்கு ஒருபோதும் தெரியக்கூடாது. அவள் ஓட்டும் ரேஸ் அன்று கூட்டத்தோடு கூட்டமாகத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுவேன். அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவனே நான்தான் என்பது தங்களுக்குத் தெரியும். இடது காலைச் சும்மா கிளட்ச் மேல் வைத்தாளென்றால் அடி ஸ்கேலால் முழங்காலில் ஒரு தட்டு, “கிளட்ச் என்ன, கால் வைக்கிற முக்காலியா? கிளட்ச்ல காலை வெச்சு ஓட்டறவன் டிரைவரே இல்ல.” அப்படி வளர்த்த பிள்ளை. நான் பின்னால் நின்று ஏற்பாடு செய்தேன் என்று தெரிந்தால் வருகிறவளும் வராமல் போவாள்.

பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும், சின்னவர்களுக்கு என் ஆசியையும், தங்கள் கழுத்துக்கு என் அனுதாபத்தையும் சேர்த்துக்கொள்ளவும். பஸ்ஸுக்கு நல்ல விலை கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சொல் தட்டாத,
தங்கை வீட்டுக்காரன்.

பின்குறிப்பு: மேலே எழுதியதில் பஸ் நலம் என்பதைத் தவிர மற்றதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப் போகும்போது போன் அடித்தது. இன்று ஞாயிற்றுக்கிழமை. தங்கள் தங்கை எடுத்தாள், போனை என்னிடம் நீட்டி, “அப்பா இருக்காரான்னு கேக்கறா” என்றாள்.

வாங்கினேன். “அப்பா,” என்றாள், “வீடியோ பாத்தேன். எங்க குழுவே பாத்துச்சு.” நான், “அப்படியா” என்றேன். “முட்டை வண்டி வந்தப்போ பஸ் தயங்கலப்பா. முன்பக்கம் லேசா தணிஞ்சுது, என்ஜின் சத்தம் மாறுச்சு. நீங்க கிளட்ச்சை அரைவாசி மிதிச்சீங்க. எட்டு விநாடி. எண்ணிட்டேன்.”

ஊரே பார்த்தது மச்சான், ஒருவருக்கும் தெரியவில்லை. இவள் கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு என் இடது காலைப் பார்த்திருக்கிறாள்! “முட்டை உடைஞ்சிருக்கும்மா” என்றேன். “உடையட்டும். கிளட்ச் என்ன முக்காலியா?” என்றாள். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்குத் தெரியாது, தங்கள் தங்கை இரண்டும் என்கிறாள்.

நேரே போய் டயர் கடை முதலாளியிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்து, பணம் கிடையாது என்று சொல்லி, அடுத்த ஞாயிறு மறுபடி ஓட்டு, ஒரு மணி நேரம் தாண்டினால் அதே பேச்சு என்றார். ஜெயித்ததற்கு எனக்குக் கொடுத்த கோப்பையைத் தண்ணீர் லாரி டிரைவர் வீட்டில் கொடுத்தாயிற்று. ஆகவே நிதி சேரவில்லை, லாரி வருமா என்பது தெரியாது, தங்கள் பஸ் அந்த ஞாயிறும் எனக்கு வேண்டும், முட்டை வண்டிக்காரரைக் கண்டுபிடித்து அன்று அந்தப் பக்கமே வரவேண்டாம் என்று சொல்லவும் வேண்டும்.

ஆனால் இந்த முறை நடுவர் டீ குடிக்க இறங்கமாட்டார். என் காலை நம்ப முடியாது என்று சொல்லி, குழு வந்தாலும் வராவிட்டாலும் தானே நடுவராக வருவதாகத் தன் சொந்தக் காசில் டிக்கெட் போட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமை காலை இறங்குகிறாள். விமான நிலையம் இங்கிருந்து எண்பது கிலோமீட்டர், நாற்பதில் போனால் இரண்டு மணி நேரம். இந்த ஒரு தடவை மட்டும் அறுபதில் போகலாம் என்றிருக்கிறேன். அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.