கூலிப்பேனாக் குரங்கு

அன்று காலை பல் துலக்கிக்கொண்டே பேராசிரியர் ஒரு தீர்மானம் எடுத்தார். உலகமே கவிழ்ந்தாலும் இந்த விஷயம் மனைவி காதுக்குப் போகக் கூடாது!

பழைய பத்திரிகைகளில் வாசகர் கடிதம் என்ற பெயரில் கக்கப்பட்ட விஷத்தையும், இன்று இணையத்தில் கக்கப்படும் விஷத்தையும் ஒப்பிட்டு அவர் நாலு வருஷம் ஆராய்ச்சி செய்திருந்தார். கட்டுரை வெளிவந்தது. படித்தவர்கள் பதினொரு பேர். படிக்காமலே திட்டியவர்கள் நானூறு பேர். அதெல்லாம் இரண்டு நாளில் பழகிவிட்டது. முகம் காட்டாத ஒரே ஒருவன்தான் வேறு மாதிரி எழுதினான்.

‘கூலிப்பேனாக் குரங்கே, உன் மகள் ஆறரை மணி பஸ்ஸில் இறங்குகிறாள். அவளுக்கு இரண்டு காலும் எதற்கு?’

வாயைக் கொப்பளித்துவிட்டு நேரே போய் மோடத்தின் ஒயரைப் பிடுங்கினார்.

“ஏங்க, நெட் வரலையே?”

“ரிப்பேர். ஊர் பூரா ரிப்பேர்.”

“பக்கத்து வீட்ல வருதாமே?”

“அது வேற கம்பெனி.”

“நம்ம கம்பெனிதானாம்.”

“அப்போ வேற கம்பம்.”

மனைவி ஒரு நொடி அவரைப் பார்த்தாள். பிறகு பையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். அவள் ஒரு பத்திரிகையில் இருபது வருஷமாகப் பிழை திருத்துகிறவள்.

சாயங்காலம் செருப்பை மாட்டினார்.

“என்ன திடீர்னு வாக்கிங்?”

“டாக்டர் நடக்கச் சொன்னார்.”

“எந்த டாக்டர்?”

“நான்தான். நானும் டாக்டர்தானே!”

“சரி டாக்டர், குடையை எடுத்துட்டுப் போங்க.”

அந்த நடை பஸ் ஸ்டாப்போடு முடிந்தது. நிற்கிற ஆண்கள் ஒவ்வொருவரையும் வெறித்துப் பார்த்தார். யாராவது பைக்குள் கையை விட்டால் இவருக்கு வேர்த்துக் கொட்டியது. மகள் இறங்கியதும், “அப்பா, எல்லாரும் பாக்கறாங்க” என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். போலீசுக்குப் போகலாம்தான். போனால் போலீஸ் வீட்டுக்கு வரும், மனைவிக்குத் தெரிந்துவிடும். மிரட்டலும் நின்றபாடில்லை; மூன்று வாரத்தில் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. நூலகத்தில் மட்டும்தான் கொஞ்சம் நிம்மதி. அங்கே ஒன்பது வருஷமாகப் பழைய இதழ்களைத் தூசி தட்டிக் கொண்டுவந்து வைக்கும் ஊழியர், “சார், பாப்பா நல்லா இருக்கா?” என்று அன்பாக விசாரிப்பார்.

நாலாவது வாரம் வீட்டுக்கு வந்தால், கூடத்தில் ஒரு பெண் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். எதிரே மனைவி. நடுவே தடிமனான ஒரு ஃபைல். வந்த மிரட்டல் ஒன்று விடாமல் தேதிவாரியாக அச்செடுத்து, எழுத்துப்பிழைகளைச் சிவப்பு மையில் சுழித்திருந்தாள்.

“இது... உனக்கு எப்படி?”

“உங்களுக்கு வந்த அன்னைக்கே என் ஆபீசுக்கும் வந்துச்சு.”

“நெட்டுதான் இல்லையே!”

“போன்ல இருக்குங்க.”

இன்ஸ்பெக்டர் எழுந்தார். “ஆளைப் பிடிச்சாச்சு சார். கண்டுபிடிச்சது இவங்கதான்.”

“கூலிப்பேனாக் குரங்குன்னு இந்தக் காலத்துல யாருங்க திட்டறா?” என்றாள் மனைவி. “அம்பது வருஷத்துக்கு முந்தின கடிதம்னு சாப்பிடறப்ப நீங்களே படிச்சுக் காட்டினீங்க. கட்டுரையில அந்த வசவை மட்டும் விட்டுட்டீங்க. அப்போ அந்தப் பழைய இதழை உங்களைத் தவிர யார் பாத்திருப்பா?”

பேராசிரியர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். “அவரா? பாப்பாவை விசாரிப்பாரே...”

“பஸ் நேரத்தை யார் சொன்னது?”

நூலகத்திலிருந்து கிளம்பும்போதெல்லாம், ‘பாப்பா ஆறரை பஸ்ஸில் வந்துடுவா’ என்று அந்த ஊழியரிடம் வருஷக்கணக்காக இவர்தான் சொல்லியிருக்கிறார்.

“அந்தக் கடிதம் எழுதினது அவரோட அப்பா” என்றார் இன்ஸ்பெக்டர். “செத்து முப்பது வருஷம் ஆச்சு. நீங்க பேரோட போட்டிருக்கீங்க.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

“சொன்னாராம். பேரை எடுத்துடுங்க சார்னு கேட்டாராம். ‘வரலாறுன்னா அப்படித்தாம்ப்பா’ன்னு சொல்லிட்டீங்களாம்.”

ஞாபகம் வந்தது. காகிதத்திலிருந்து தலையைக்கூடத் தூக்காமல் சொல்லியிருந்தார்.

“அதுக்காகப் பொண்ணு காலை உடைக்கறேன்னு எழுதறதா?” என்றாள் மனைவி.

இன்ஸ்பெக்டர் போனதும் மனைவி கதவைத் தாழிட்டாள்.

“பாப்பாவுக்குத் தெரியுமா?” என்றார் பேராசிரியர்.

“முதல் நாளே சொல்லிட்டேன்.”

“என்கிட்ட மட்டும் ஏன் சொல்லலை?”

“நீங்க பயந்துடுவீங்க.”

மெல்ல ஃபைலைத் தன் பக்கம் இழுத்தார். “ரொம்ப நல்லாத் தொகுத்திருக்கே. இதைக் கொடேன், அடுத்த கட்டுரைக்கு...”

“உங்க துறைத்தலைவி ஏற்கெனவே இதை வெச்சு ஒரு கட்டுரை கேட்டாங்க, நானே எழுதிட்டேன்.” ஃபைலைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். “அதுல நாலு பக்கம் உங்களைப் பத்திதான். பயப்படாதீங்க, பேரை மாத்திட்டேன்.”