விசில் நானாவும் பதினேழு 'வந்து'வும்

புத்தளத்தில் வாய் உள்ள எவரையும் ஒரே ஊதலில் நிறுத்தக்கூடிய மனிதர் விசில் நானா ஒருவர்தான். வக்கீல், மௌலவி, வெங்காய வியாபாரி, தேர்தலில் நின்று தோற்றவர் என்று எங்கள் பேச்சுக் கழகத்து ஆட்கள் அத்தனை பேரும் அவரிடம் ஊதல் வாங்கியிருக்கிறார்கள். அதிகம் வாங்கியவன் நான். அதனால்தான் இதை எழுதும் உரிமை எனக்கு இருக்கிறது.

அவர் பஸ் நிலையத்தில் டைம் கீப்பர். கல்பிட்டிப் பக்கம் போகும் தனியார் பஸ்களை நேரத்துக்கு வெளிக்கிட வைப்பது வேலை. விசிலை ஊதி, பஸ்ஸின் பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டி "ரைட்" என்றால், ஸ்டியரிங்கில் சாய்ந்து பிளேன்டீ குடிக்கும் டிரைவரும் கோப்பையை ஜன்னலால் நீட்டிவிட்டு வண்டியை எடுப்பார். 'நானா' என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்; சொந்தப் பெயரைக் கேட்டால் அவருடைய மச்சான்மாரே கொஞ்சம் யோசிப்பார்கள்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் டியூஷன் வகுப்பு நடக்கும் ஒரு டியூட்டரியின் மேல்மாடியில் எங்கள் கழகம் கூடும். இரண்டு கிழமைக்கு ஒரு சனி, பின்னேரம் நாலு மணி. மேடைப் பயத்தைப் போக்குவதுதான் நோக்கம். இரண்டு மூன்று பேர் பேசுவார்கள், மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பொறுப்பு. ஒருவர் நேரம் பார்ப்பார், ஒருவர் பேச்சை மதிப்பிடுவார், ஒருவர் பேச்சாளர் எத்தனை முறை 'ஆ', 'ம்' என்று இழுத்தார் என்று எண்ணுவார். யாருக்கு எது என்று தீர்மானிப்பவர் தலைவி ஆயிஷா டீச்சர். ஓய்வுபெற்ற பிறகும் பிரம்பு மட்டும்தான் அவர் கையில் இல்லை.

டைம் கீப்பராயிற்றே என்று விசில் நானாவுக்கு முதலில் நேரம் பார்க்கும் வேலையைக் கொடுத்தார். ஐந்து நிமிடத்தில் பச்சை அட்டை, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு. அன்றைக்குப் பேசிய வக்கீல் சிவப்பைக் கண்டும் காணாதவர் போல் தொடர்ந்தார். நானா சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்து ஊதினார். மேசையில் இரண்டு தட்டுத் தட்டி, "ரைட், எடுங்க. பின்னால அடுத்த ஆள் நிக்கிறார்" என்றார். வக்கீல் பாதி வசனத்தோடு மேடையை விட்டு இறங்கிவிட்டார். மீதி வசனம் என்னவென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

டீச்சர் அவரை மதிப்பீட்டுக்கு மாற்றினார். எழுந்து நின்று அவர் கொடுத்த முதல் மதிப்பீட்டை நான் மறக்க மாட்டேன். "நல்லா வெளிக்கிட்டார். வழியில ஆறு இடத்துல நிப்பாட்டி ஆளேத்தினார். ஆனா ஊருக்குப் போய்ச் சேரல்ல." அந்தப் பேச்சாளர் இரண்டு மாதம் கூட்டத்துக்கு வரவில்லை. இரண்டு பக்கத்துக்கு நாங்கள் எழுதும் மதிப்பீட்டை அவர் மூன்று வசனத்தில் முடித்துவிட்டார் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கடைசியில் எண்ணும் வேலை கிடைத்தது. அதற்கென்றே பிறந்தவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. 'ஆ'வும் 'ம்'மும் எங்களிடம் குறைவு. எங்கள் ஆட்கள் சொல் கிடைக்காமல் தடுமாறினால் 'வந்து' என்பார்கள். நான் வந்து, எங்கட பாடசாலை வந்து, கல்வி வந்து... எதுவுமே வந்திருக்காது, ஆனாலும் வந்து. நானா ஒவ்வொரு 'வந்து'க்கும் கொப்பியில் ஒரு கோடு போட்டு, ஒரு சின்ன ஊதலும் ஊதுவார். கொப்பி கைவசம் இல்லாவிட்டால் விரலை மடிப்பார்.

நான் கல்பிட்டிப் பக்கம் குறிஞ்சிப்பிட்டிக்காரன், விவசாயிகளுக்கான கமநல அலுவலகத்தில் வேலை. கழகத்துப் போட்டிக்காக ஒரு மாதம் கண்ணாடி முன்னால் நின்று ஒரு பேச்சைத் தயாரித்தேன். இருபத்து மூன்று ஊதல். கோப்பை வேறொருவருக்குப் போனது. முடிந்ததும் நேரே அவரிடம் போய்ச் சண்டை பிடித்தேன். 'புத்தளத்தில் வந்து இறங்கினேன்' என்றதற்கும் ஊதினீர்களே, நான் உண்மையாகவே வந்தேனே, அது எப்படிப் பிழையாகும் என்று கேட்டேன்.

"தம்பி, பஸ்ஸுல வராமலா இறங்குவீங்க? 'புத்தளத்தில் இறங்கினேன்' எண்டா விளங்காதா? எடுத்துப் பாருங்க. எடுத்தும் வசனம் நிண்டா, அந்தச் சொல் ஓசிப் பயணம்."

நான் அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன். ஆனால் மனதுக்குள் ஒரு கறுவல் இருந்தது. கூடவே ஒரு கேள்வியும். இரண்டு வருடத்தில் ஒரு கூட்டமும் தவறவிடாத இந்த மனிதர் ஏன் ஒருமுறையாவது மேடை ஏறவில்லை?

கழகத்தில் சேரும் எவரும் முதலில் 'நான் யார்' என்ற தலைப்பில் ஏழு நிமிடம் பேச வேண்டும். நானா மட்டும் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு பொறுப்பைக் கேட்டு வாங்கித் தப்பிவிடுவார். பகல் முழுக்கப் பஸ் நிலையத்தில் ஊர் கேட்கக் கத்துகிறவருக்கு என்ன கூச்சம்? எழுத வராதோ என்று பார்த்தால், கொப்பியில் அச்சுப்போல எழுத்து. ஒருநாள் பஸ் நிலையத்திலேயே மடக்கிக் கேட்டேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "தம்பி, பஸ் வெளிக்கிடுது" என்று விசிலை ஊதி, கல்பிட்டி பஸ்ஸை எட்டு நிமிடம் முந்தி அனுப்பிவிட்டார். வாழைக்குலையோடு ஒரு மாமி ஓடிவந்து ஏறியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நேரத்துக்குப் பிந்தாத, முந்தாத மனிதர் அவர். விஷயம் பெரியது என்று அப்போதுதான் பட்டது.

அந்த வருட முடிவில் ஆயிஷா டீச்சர் ஒரு சட்டம் கொண்டுவந்தார். முதல் பேச்சைப் பேசாதவர்களுக்கு அடுத்த மாதத்திலிருந்து எந்தப் பொறுப்பும் கிடையாது. பார்த்தது நானாவை. நானா விசிலைத் தடவிக்கொண்டார். அது போனால் சனிக்கிழமைகளில் தனக்கு என்ன மிஞ்சும் என்று யோசித்திருப்பார். பிறகு "ஓம், பேசுறன்" என்றார்.

அன்றைக்கு எண்ணும் பொறுப்பை நான் கேட்டு வாங்கினேன். இருபத்து மூன்றுக்குப் பழி தீர்க்க இதைவிட நல்ல நாள் கிடைக்குமா?

சனிக்கிழமை நானா இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். விசிலைக் கழுவி, டிஷ்யூவில் சுற்றி என்னிடம் நீட்டி, கணக்காக ஊதச் சொன்னார். மேடைக்குப் போய், கொப்பி இல்லாமல், கையைப் பின்னால் கட்டி நின்றார்.

"நான் மன்னார்ல பொறந்தவன். தொண்ணூறாம் வருசம் இயக்கக்காரங்க முஸ்லிம்கள் எங்கள எல்லாரையும் ஊர விட்டு வெளிக்கிடச் சொன்னாங்க. எனக்குப் பதினாலு வயசு. தோணியில வந்து..."

நிறுத்தி என்னைப் பார்த்தார். விசில் என் வாயில் இருந்தது. நான் ஊதவில்லை. அவர் கையை முன்னால் கொண்டுவந்து, தானே ஒரு விரலை மடித்துக்கொண்டார்.

"கல்பிட்டிப் பக்கம் கண்டக்குழிக் கரையில வந்து சேந்தம். உம்மாவும் நாங்களும் முதல் வந்து, வாப்பா மூணு நாளைக்குப் பொறகு வந்து, சாச்சா வந்து சேரவே இல்ல. அண்டைக்கிருந்து எங்களுக்குப் பேர் வந்த ஆக்கள். பள்ளிக்கூடத்துலயும் வந்த ஆக்கள், அரிசி குடுக்கிற கூப்பன் கடையிலயும் வந்த ஆக்கள். கலியாணம் முடிச்சு, புள்ளைகளும் இங்கதான் பொறந்து, இன்னும் நாங்க வந்துகொண்டுதான் இருக்கம்."

கீழே ஒரு பஸ் ஹோன் அடித்தது. அவர் வழக்கம்போல் காதைக் கொடுத்து, எந்த பஸ் என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் தொடர்ந்தார்.

"இந்தப் பேச்ச ரெண்டு வருசமா எழுதுறன். 'வந்து' இல்லாம எழுத ஏலாமப் போச்சு. மத்தவங்களுக்கு ஊதிப்போட்டு நான் எந்த மூஞ்சோட ஏறுற? அதான் பேசல்ல."

அவர் மேலும் பேசப் பேச விரல்களும் மடிந்துகொண்டே போயின. ஏழாவது நிமிடத்தில் சிவப்பு அட்டை எழும்பியதும் மேசையில் தானே இரண்டு தட்டுத் தட்டி, "ரைட்" என்று சொல்லி இறங்கினார். பழி தீர்க்க வந்ததை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

கடைசியில் எண்ணியவரின் அறிக்கை. மற்ற இருவருக்கும் கணக்கைச் சொல்லிவிட்டு, விசில் நானாவிடம் ஒரு பிழையும் இல்லை என்றேன். அவர் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார்.

"பதினேழு. நான் விரல் மடிச்சு எண்ணினன். தம்பி பொய் சொல்றார்."

"எடுத்துப் பாருங்க நானா" என்றேன். "எடுத்தா வசனம் நிக்குதா?"

அவர் நின்றபடியே கண்ணை மூடி, உதடு அசைய ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பதினேழையும் பார்த்திருப்பார், அவ்வளவு நேரம் எடுத்தது. நேரம் பார்த்தவர் அட்டையைத் தொடவே இல்லை.

"நிக்கல்லதான்" என்றார். பிறகு என்னிடம் கையை நீட்டினார். "விசிலத் தாங்க."

இப்போதும் எண்ணுவது அவர்தான். எனக்கு ஒரு சலுகையும் கிடையாது. நானும் 'வந்து' இல்லாமல் பேசப் பழகிவிட்டேன். என்றாலும் ஒவ்வொரு பேச்சிலும் ஓசிப் பயணமாக ஒரு 'வந்து'வை ஏற்றிக்கொண்டுதான் போகிறேன். அந்த ஊதல் கேட்காவிட்டால் எனக்குப் பேசிய மாதிரியே இருப்பதில்லை.