பாசி கண்டக்டரின் காலைக் கேள்வி

பசறைக்கும் பதுளைக்கும் இடையில் வாழும் அத்தனை பேருடைய வயிற்று நிலவரமும் தெரிந்தவர் உலகத்தில் ஒருவர்தான். அவர் டாக்டர் இல்லை. நான் வேலைக்குப் போகும் பஸ்ஸின் கண்டக்டர்.

டிக்கெட் கொடுப்பதற்கு முன் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி. "காலையில போச்சா?" போனவர்களுக்குப் பாராட்டு. போகாதவர்களுக்குத் தோள்பையிலிருந்து ஒரு துண்டு கடற்பாசி. மன்னாரிலிருந்து கருவாடு ஏற்றிவரும் லொறிக்காரச் சிநேகிதர் அதைக் கொண்டுவந்து கொடுப்பார். அதனால் பாசியிலும் கருவாட்டு வாடை, பஸ்ஸிலும் கருவாட்டு வாடை. அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. பாசி கண்டக்டர் என்றால் வழியில் நிற்கும் நாய்க்குக்கூடத் தெரியும்.

வெட்கப்பட்டால் விடமாட்டார். டை கட்டிய வங்கி அதிகாரி ஒருவர் பதில் சொல்லாமல் முனகியபோது, "டிரைவர், மெதுவா எடுங்க, சாருக்கு இன்னும் போகல" என்று முன்பக்கம் பார்த்துக் கத்தினார். அந்த அதிகாரி மறுநாளிலிருந்து மோட்டார் சைக்கிளில் போகிறார்.

பதில் சொல்லாத இன்னொரு ஆள் நான். கேள்வி வந்ததும் யன்னல் வழியாகத் தேயிலையை ஆராயத் தொடங்கிவிடுவேன். பதுளையில் ஒரு மருத்துவ ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை. பகல் முழுவதும் மற்றவர்களுடையதைப் பரிசோதிக்கிறேன். என்னுடையதையாவது எனக்கே வைத்துக்கொள்வோம் என்பது கொள்கை.

இவ்வளவுக்கும் காரணம் அவர் போனில் பார்த்த ஒரு வீடியோ. கடற்பாசியில் உள்ள சில சேர்மங்கள் குடல் புற்றுநோய்க்கு மருந்தாகலாம் என்று அதில் ஒரு டாக்டர் சொன்னாராம். நான் தேடிப் பிடித்துக் கடைசிவரை பார்த்துவிட்டு அவரிடம் சொன்னேன்.

"அண்ணே, அவரு 'ஆனால்'னு ஆரம்பிச்சு அப்புறம் நெறைய சொல்றாரு. அதெல்லாம் லேப்ல தட்டுல வளத்த உயிர்க் கலங்கள்ல செஞ்சு பாத்தது. மனுசருக்கு மருந்தா வர இன்னும் எவ்வளவோ பாக்கணும். பாசிய மென்னா நோய் போகும்னு அவரு சொல்லவே இல்ல."

"அப்புடியா? எனக்கு அந்த 'ஆனால்' வர்றதுக்கு முந்தியே டேட்டா முடிஞ்சிருச்சு தங்கச்சி."

ஒருநாள் கூட்டம் இறங்கிய பிறகு என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். அவர் குரலுக்கு இறக்கம் உண்டு என்பதே அன்றுதான் தெரிந்தது. தனக்குச் சில மாதமாக இரத்தம் போகிறதாம். பாசி சாப்பிட்டால் நின்றுவிடும் என்று காத்திருக்கிறாராம். ஊரையெல்லாம் கேட்டவரை யாருமே திருப்பிக் கேட்கவில்லை.

பரிசோதனைக்கு மல மாதிரியை மறுநாள் கொண்டுவரச் சொன்னேன். கொண்டுவந்தார். பஸ் நிறைந்திருந்ததால் பின்கதவில் நின்றபடியே, "இத லேப் தங்கச்சிக்கு அனுப்புங்க" என்று கொடுத்துவிட்டார். பார்சல் தலைகளுக்கு மேலே கைமாறிக் கைமாறி வந்தது. புடவைக் கடையில் வேலை செய்யும் சரசக்கா அதை மடியில் வைத்துத் தடவிப் பார்த்தார்.

"இன்னும் சூடா இருக்கே புள்ள. என்னா கறி?"

"பருப்புக்கா" என்றேன்.

பரிசோதனையில் இரத்தம் இருந்தது. குழாய்க் கமெரா விட்டுக் குடலைப் பார்க்க வேண்டும் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். பாசிக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் கொடுப்போம் என்றார் இவர்.

"பாசி அது பாட்டுக்கு வேல செய்யட்டும்ணே. டாக்டர் அவரு பாட்டுக்குப் பாக்கட்டும்" என்றேன். யோசித்துவிட்டுச் சம்மதித்தார்.

குடலைக் கழுவும் மருந்தைக் குடித்துவிட்டு, முழுக்கப் போய் முடிந்த பிறகு வேனில் ஆஸ்பத்திரிக்கு வரும்படி சொல்லியிருந்தேன். தன் பஸ் ஓடும்போது இன்னொருவனுடைய வேனில் ஏறுவது தொழிலுக்கே அவமானம் என்று நினைத்துவிட்டார். மருந்தைக் குடித்த கையோடு பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினார்.

முதல் வளைவிலேயே பெல் அடித்தார். தேயிலைத் தொழிற்சாலைக்குள் ஓடினார். அடுத்து ஒரு தேநீர்க் கடை. அதற்கடுத்து தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடொன்று; அந்த வீட்டுக்காரப் பெண் கேள்வியே கேட்காமல் வாளியை எடுத்து நீட்டினார். அதற்குப் பிறகு கட்டடம் எதுவும் இல்லை, தேயிலைச் செடிதான். சரசக்கா டிக்கெட் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு முறை அவர் திரும்பி ஏறும்போதும் பஸ் முழுவதும் ஒரே குரலில் கேட்டது: "போச்சா?"

அவர் யன்னல் வழியாகத் தேயிலையை ஆராய்ந்தார்.

பின்னால் வந்த வங்கி அதிகாரி மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றி, அவரும் கேட்டுவிட்டுப் போனார். எல்லோரும் வேலைக்குப் பிந்தினோம். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசல்வரை பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு போன டிரைவரை ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை.

குடலில் இருந்த சதை வளர்ச்சியை அங்கேயே வெட்டி எடுத்தார்கள். அதன் பரிசோதனை முடிவு வரும்வரை வேறொரு பையன் டிக்கெட் போட்டான். ஒழுங்கான பிள்ளை, வாயே திறக்கவில்லை. பஸ்ஸில் சத்தமே இல்லை.

"காசு மட்டுந்தான் கேப்பியா?" என்று சரசக்கா அவனிடம் எரிந்து விழுந்தார்.

முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை, விட்டிருந்தால் ஆகியிருக்கலாம். அடுத்த திங்கட்கிழமை பஸ் ஏறியபோதே கருவாட்டு வாடை அடித்தது. ஆள் மெலிந்திருந்தார், குரல் மெலியவில்லை. ஒவ்வொரு சீட்டாகக் கேட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். நான் யன்னல் பக்கம் திரும்புவேன் என்று தெரிந்தும் கேட்டார்.

"காலையில போச்சா தங்கச்சி?"

"போச்சுண்ணே" என்றேன், பஸ்ஸுக்கே கேட்கும்படி.