அரை லோடு

ஐந்தாவது தடவை கயிற்றை இழுத்ததும் புது ஜெனரேட்டர் உறுமியது.

"இன்னா லோகு, ஊட்ல ரைஸ்மில்லு வச்சிக்கீறியா?" பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு மதில் மேல் தலையை நீட்டினாள்.

"புது மிஷின்க்கா. மொத இருவது மணி நேரம் அரை லோடுலதான் ஓட்டணும். அப்பால ஆயில் மாத்தணும்."

போன மாதம் லோகுவின் மகள் அருணாவைப் பெண் பார்க்கச் சோழவரத்திலிருந்து வந்தார்கள். லோகுவின் மனைவி பஜ்ஜித் தட்டை நீட்டும்போது கரண்ட் போனது. வியர்த்துப்போன மாப்பிள்ளையின் அம்மா பஜ்ஜியைத் தொடாமலே எழுந்துவிட்டார். கெஞ்சிக் கூத்தாடி, இந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி வரச் சம்மதிக்க வைத்திருந்தார் லோகு. கும்மிடிப்பூண்டி இரும்பாலையில் இருபத்தைந்து வருஷ ஃபிட்டர் அவர். இன்னொரு தடவை கரண்டிடம் தோற்பதாக இல்லை.

திங்கள் முதல் வெள்ளி வரை, ஷிப்ட் முடிந்ததும் தினமும் நாலு மணி நேரம்.

செவ்வாய்க்கிழமை, "சீரியல் ஒண்ணும் கேக்கல!" என்று சின்னப்பொண்ணு சண்டைக்கு வந்தாள். சமாதானமாக அவள் டிவிக்கு ஓசியில் ஒரு ஒயர் கொடுத்தார். புதன்கிழமை எதிர்வீட்டு பீட்டரும் ஒயரோடு வந்தான். அவன் அயன்பாக்ஸைச் சொருகியதும் ஜெனரேட்டர் முக்கியது.

"அரை லோடுடா!" என்று பாய்ந்துபோய் அயன்பாக்ஸையே பிடுங்கிக்கொண்டு வந்தார்.

"டிவிக்கு குடுப்ப, எனுக்குன்னா மட்டும் பேஜாரா?" பீட்டர் அதோடு பேச்சை நிறுத்திவிட்டான்.

சனிக்கிழமை பழைய ஆயிலை இறக்க அவசரத்தில் கையில் கிடைத்தது மனைவியின் பஜ்ஜி வாணலி. இனி கேசரி மட்டும்தான் என்று சொல்லிவிட்டு, அவளும் பேச்சை நிறுத்தினாள்.

"எதுக்குப்பா இவ்ளோ பாடு?" என்றாள் அருணா.

"உனுக்காகத்தாம்மா" என்றார் லோகு.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மனைவி கேசரித் தட்டை நீட்டும்போது ஃபேன் நின்றது. லோகுவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. கொல்லைக்கு ஓடினார். ஒரே இழுப்பு. ஃபேன் சுற்றியது. அந்தச் சத்தத்தில் மாப்பிள்ளையின் அம்மா கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"எங்களுக்குப் பொண்ண புடிச்சிருக்கு!"

லோகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜெனரேட்டரைத் தட்டிக்கொடுத்தார். மதில் மேல் சின்னப்பொண்ணின் தலை தெரிந்தது.

"கரண்டு எங்க லோகு போச்சு? எங்க ஊட்ல ஃபேனு ஓடிக்கினுதான் கீது. போன தபாவும் சரி, இப்பவும் சரி, நா பாத்தேன், மெயின ஆஃப் பண்ணது உம் பொண்ணுதாம்பா."